ஆணியில தொங்குது ஆயாவோட டவர்!

மக்களே, உங்க வீட்டுல செல்போன் எங்கே இருக்கும்? பாக்கெட்ல, தலகாணிக்கு அடியில, சில பேருக்கு பாத்ரூம்லகூட! எங்க ஆயா வீட்டுல அது ஒரு ஆணியில தொங்கும். கிழக்குப் பார்த்த ஜன்னலுக்கு மேல, ஓர் ஆள் உசரத்துல அடிச்ச மூணு இஞ்ச் ஆணி. பட்டன் போனுக்கு ஒரு நாடா கட்டி அதுல மாட்டி வெச்சிருக்கும் ஆயா. அந்த இடத்துல மட்டும்தான் சிக்னல் ஒரு கோடு எட்டிப் பார்க்கும். ஒரு சாண் தள்ளினா அந்தக் கோடும் காலி. ரிங் வந்தா, போனைக் கழட்டாம, கழுத்தை மட்டும் நீட்டி, 'ஆங்... ஆங்... சாப்ட்டியா?'னு கத்தும். எங்க வீட்டுல அந்த ஆணிக்குப் பேரே 'டவர்'தான். (ஆணின்னதும் வடிவேலு ஞாபகம் வந்தா கம்பெனி பொறுப்பில்லை!)

ஊர் எங்கேன்னு கேக்குறீங்களா? பரங்கிப்பேட்டைக்கும் கிள்ளைக்கும் நடுவுல எங்கேயோன்னு வெச்சுக்கோங்க. இந்தப் பக்கம் சவுக்குத் தோப்பு, அந்தப் பக்கம் உப்பங்கழி. சிதம்பரத்துல நான் படிக்கிற காலேஜ்லேர்ந்து பஸ் கிடைச்சா ஒரு மணி நேரம். அப்பா வேலை பார்க்கிறது கடலூர்ல. அதாவது, ஒரு பக்கம் கடலூர், ஒரு பக்கம் சிதம்பரம், நடுவுல ஆயா. மூணு பேரையும் சேர்த்துவைக்கிறது அந்த ஆணி!

இதைக் காமெடியாத்தான் சொல்லிட்டு இருந்தேன், 2024 டிசம்பர் வரைக்கும்.

நவம்பர் 30-ம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்துச்சு. அதோட போச்சான்னா, இல்லை. டிசம்பர் 2-ம் தேதி சாத்தனூர் அணையிலேர்ந்து விநாடிக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் கனஅடிக்கு மேல தண்ணி திறந்தாங்க. தென்பெண்ணை பெருகி கடலூர்ல வீட்டுக்குள்ள வந்துடுச்சு. அப்பா மாடியில மாட்டிக்கிட்டார். நான் ஹாஸ்டல்ல. ஆயா ஊர்ல வெள்ளம் இல்லை, ஆனா கரன்ட் இல்லை. கரன்ட் போய் சில மணி நேரத்துல டவரும் கண்ணை மூடிடுச்சு. அன்னிக்கு ராத்திரிதான் ஆயா இருட்டுல கொல்லைப்பக்கம் போய் வழுக்கி விழுந்துச்சு. இடுப்பு எலும்பு.

ஆயா போட்ட சத்தம் கேட்டு பக்கத்து வீட்டு அத்தை ஓடி வந்திருக்காங்க. ஆணியில தொங்குன போனை எடுத்துப் பார்த்தா, சுத்தமா டவர் இல்லை. அவங்க பையன் மழையில பைக்கை எடுத்துட்டு பி.முட்லூர் மெயின் ரோடு வரைக்கும் போய்த்தான் 108-க்கு போன் பண்ணியிருக்கான். வண்டி வர்றதுக்குள்ள ஆயா ரெண்டு மணி நேரம் ஈரத்தரையிலேயே கிடந்திருக்கு. அந்த ரெண்டு மணி நேரமும் நான் ஹாஸ்டல் வராண்டாவுல ஆயா நம்பரைத்தான் அடிச்சுட்டு இருந்தேன். 'தொடர்பு எல்லைக்கு வெளியே'ங்கிறதை ஒரு அம்மா மூணு மொழியில சாவகாசமா சொல்லிட்டு இருந்தாங்க. மழைக்கு எல்லார் போனும் அப்படித்தான்னு நினைச்சு நான் தூங்கப் போயிட்டேன். அதை நினைச்சா இன்னிக்கும் ஒரு மாதிரியா இருக்கு.

ஆயா பிழைச்சுக்கிச்சு. இப்போ குச்சி வெச்சு நடக்குது. ஆஸ்பத்திரியில பார்க்க வந்த சித்தப்பா என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார், பாருங்க... "ஏம்மா, நீ ஈசிஈதானே படிக்கிற? ஒரு சிக்னல் கொண்டாந்து குடுக்க முடியாதா உன்னால?"

ரோஷம் வந்துடுச்சு. நேரா ஆன்லைன்ல 'சிக்னல் பூஸ்டர்' தேடினேன். நாலாயிரம் ரூபாய்க்கே கிடைக்குது! கார்டுல போடப்போற நேரத்துல எங்க லேப் சார்கிட்ட பெருமையா சொன்னேன். "ஏன், ஜெயில் சாப்பாடு எப்படி இருக்கும்னு பார்க்கணுமா?"ன்னார். அனுமதி இல்லாம அந்தப் பெட்டியை விக்கிறது, வாங்குறது, மாட்டுறது எல்லாமே நம்ம நாட்டுல சட்டப்படி தப்பாம். வெறும் சட்டத்துக்காக இல்லை பாஸ், விஷயம் இருக்கு. மட்டமான பூஸ்டர் சிக்னலோட சேர்த்து இரைச்சலையும் பெருக்கி டவரை நோக்கி அனுப்பும். ஒருத்தர் வீட்டுக்குள்ள அருமையா பேச, அதே டவரை நம்பி இருக்கிற மத்தவங்க கால் எல்லாம் கட் ஆகும். நான் பூஸ்டர் மாட்டியிருந்தா, ஆயாவுக்கு சிக்னல் வந்திருக்கும். பக்கத்துத் தெருவுல யாரோ ஒரு ஆயாவுக்குப் போயிருக்கும்.

"முதல்ல அளந்து பாரு. அளக்காம வைத்தியம் பண்ணாதே"ன்னார் சார்.

2025 மே லீவுல ரூம்மேட்டையும் இழுத்துட்டு ஊருக்குப் போனேன். நீங்களும் இதைப் பண்ணலாம், பைசா செலவு இல்லை. ஆண்ட்ராய்டு போன்ல செட்டிங்ஸ் போய், 'அபவுட் போன்', அதுக்குள்ள சிம் ஸ்டேட்டஸ் பாருங்க. டிபிஎம்னு மைனஸ்ல ஒரு நம்பர் காட்டும். கோடு பொய் சொல்லும், நம்பர் சொல்லாது! மைனஸ் 85-னா ராஜ வாழ்க்கை. மைனஸ் 115 தாண்டினா கோவிந்தா. பத்து டெசிபல் குறைஞ்சா சிக்னல் பத்துல ஒரு பங்காயிடுச்சுன்னு அர்த்தம்.

வீட்டை அங்குலம் அங்குலமா அளந்தோம். அடுப்படியில மைனஸ் 118. ஆணியில மைனஸ் 107. வாசல் வேப்பமரத்தடியில 103. தண்ணித் தொட்டி மேல ஏறி நின்னா 97! அதாவது, தொட்டிக்கும் அடுப்படிக்கும் நடுவுல சிக்னல் நூறு மடங்குக்கு மேல காணாமப் போகுது. எங்கே போகுது? அண்ணாந்து பார்த்தோம். தகரம்!

ஆயா வீடு முன்னாடி கூரை வீடு. 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல்ல கூரை மொத்தமா பறந்துடுச்சு. அப்புறம்தான் சுவர் எழுப்பி தகரம் போட்டாங்க. ரேடியோ அலைக்கு கீத்து ஒரு பொருட்டே இல்லை, தாண்டி வந்துடும். தகரம் வாங்கின அலையை அப்படியே திருப்பி அனுப்பிடும். பாதுகாப்பா இருக்கட்டும்னு போட்ட கூரைதான் போனுக்கு வில்லன்.

இதுல இன்னொரு கூத்து. "தானே அடிச்ச மறுவருஷம் போன் கணீர்னு கேட்டுச்சு தெரியுமா?"ன்னுச்சு ஆயா. முதல்ல நம்பலை. அப்புறம்தான் புரிஞ்சது, அந்தப் புயல்ல சவுக்குத் தோப்பு மொத்தமா சாய்ஞ்சிடுச்சு. டவருக்கும் வீட்டுக்கும் நடுவுல தடுக்க மரமே இல்லை! திரும்ப கன்னு வெச்சு, அது வளர வளர கோடு குறைஞ்சிருக்கு. மழையில இலை நனைஞ்சா இன்னும் மோசம். இப்போகூட சவுக்கு வெட்டுற வருஷம் எங்க ஊர்ல எல்லாரும் நிறைய பேசுவாங்க. எந்த டெலிகாம் புத்தகத்துலயும் இந்த ஃபார்முலா கிடையாது!

அடுத்து, டவர் எங்கே இருக்குன்னு தேடினோம். 'தரங் சஞ்சார்'னு தொலைத்தொடர்புத் துறையோட இணையதளம் ஒண்ணு 2017-லேர்ந்து இருக்கு. நம்ம இடத்தைக் காட்டினா சுத்தி எங்கெங்கே டவர் இருக்குன்னு மேப்ல சொல்லிடும். எங்களுக்குப் பக்கத்து டவர் ஆறு கிலோமீட்டர் தள்ளி. போன் கம்பெனிங்களும் அவங்கவங்க கவரேஜ் மேப்பை வெளியிடணும்னு டிராய் போட்ட விதி 2024 அக்டோபர்லேர்ந்து அமல்ல இருக்கு. அதையும் பார்த்தேன். ஆயா வீட்டு மேல பச்சைப்பசேல்னு இருந்துச்சு! அடிச்சுச் சொல்றேன், அந்த மேப் போட்டவங்க யாரும் எங்க அடுப்படியில நின்னு பேசினதில்லை. 2022-ல மத்திய அரசு 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொடுக்க 26,316 கோடி ரூபாய் ஒதுக்குச்சு. அதெல்லாம் சிக்னலே இல்லாத ஊர்களுக்கு. பச்சை அடிச்ச ஊருக்கு ஏது பட்டியல்ல இடம்?

சரி, வைத்தியத்துக்கு வருவோம். சிம் போடுற டேபிள் போன் பார்த்திருப்பீங்க. லேண்ட்லைன் மாதிரியே இருக்கும், ஆனா வயர் கிடையாது. அதுல வெளியே ஆன்டெனா மாட்டுற சாக்கெட் உள்ள மாடலா தேடிப் பிடிச்சோம், மூவாயிரத்துச் சொச்சம். இது பூஸ்டர் இல்லை, எதையும் பெருக்காது. காதை மட்டும் கூரைக்கு மேல கொண்டு போகுது, அவ்வளவுதான். அந்தக் காதுக்குப் பேர் யாகி ஆன்டெனா. 1926-ல ஜப்பான்ல உடா, யாகின்னு ரெண்டு பேர் சேர்ந்து உருவாக்கினது. செமஸ்டருக்காக மனப்பாடம் பண்ணின படத்தை முதல் தடவையா கையில பிடிச்சேன்!

பதினஞ்சு அடி மூங்கில்ல கட்டி, டவர் பக்கம் திருப்பி நிறுத்தினோம். கேபிள் ஆறே மீட்டர். நீளம் கூடினா ஆன்டெனா சம்பாதிச்சதை கேபிளே தின்னுடும். எங்களுக்கு எட்டுற சிக்னல் 850 மெகாஹெர்ட்ஸ். இது மாதிரி தாழ்ந்த அலைவரிசைதான் தூரம் போகும். 2300 மாதிரி உசந்தது வேகமா இருக்கும், ஆனா சீக்கிரம் களைச்சுடும். கீழேர்ந்து வேடிக்கை பார்த்த ஆயா கேட்டுச்சு: "என்னாடி, திரும்ப தூர்தர்ஷனா? முள்ளு எல்லாம் நெத்திலி முள்ளாட்டம் இருக்கு?"

கரெக்ட்டான கேள்வி! தூர்தர்ஷன் ஆன்டெனா முள்ளு ஆள் உசரம் இருக்கும். இது ஒரு சாண்கூட இல்லை. அலை நீளம் குறையக் குறைய முள்ளும் சின்னதாகும். இதை நான் எக்ஸாம்ல எழுதினதைவிட ஆயாவுக்கு நல்லா விளக்கினேன். மைனஸ் 98 வந்துச்சு. ஆணியைவிட எட்டு மடங்கு. கட்டில்ல உக்காந்தபடியே அப்பாகிட்ட இருபது நிமிஷம் பேசுச்சு ஆயா. கழுத்து வலிக்கலையாம்!

ஊரே வந்து பார்த்துச்சு. கடலுக்குப் போற அண்ணன் ஒருத்தர், "இதை போட்ல வெச்சா கேக்குமா?"ன்னார். கரையிலேர்ந்து 10, 12 கிலோமீட்டர் தாண்டினா செல்போன் வெறும் டார்ச் லைட்தான். 2017 ஒக்கி புயலுக்கு அப்புறம், 2019-ல 'ஜெமினி'ன்னு ஒரு கருவி வந்துச்சு. சாட்டிலைட் வழியா புயல் எச்சரிக்கையை போனுக்குக் கொடுக்கும். ஆனா, இங்கேயிருந்து பதில் சொல்ல முடியாது. ரெண்டு பக்கமும் செய்தி போற டிரான்ஸ்பாண்டரை ஒரு லட்சம் படகுகளுக்குக் கொடுக்குற திட்டத்தை 2024 ஆகஸ்ட்ல தொடங்கினாங்க. அதைப் பத்தி அவருக்குச் சொன்னேன். "கேக்குறது பெரிசில்லைம்மா, நாம கத்துறது கேக்கணும்"னார்.

இங்கேயே கட்டுரையை முடிச்சிருந்தா நான் ஹீரோயின். ஆனா, சித்தப்பா பீரோவுல ஆன்டெனா பில்லை வைக்கப்போனப்ப ஒரு பழைய ஃபைல் கிடைச்சுது. 2018-ல எங்க ஊருக்கே ஒரு டவர் வர்றதா இருந்திருக்கு, இடம்கூடப் பார்த்துட்டாங்க. வேண்டாம்னு ஊரே சேர்ந்து மனு கொடுத்திருக்கு. கதிர்வீச்சு, குழந்தைங்க, சிட்டுக்குருவி... '2.0' படம் வந்த வருஷம் வேற! மனுவுல ரெண்டாவது கையெழுத்து எங்க அப்பாவோடது.

சிரிக்கத் தோணலை. நம்ம நாட்டுல டவர் கதிர்வீச்சு வரம்பு, சர்வதேச வரம்புல பத்துல ஒரு பங்குதான், 2012-லேர்ந்து. அதை எங்க ஊர்ல வந்து யாரும் சொன்னதா தெரியலை. இடம் பார்க்க வந்தவங்க இடத்தை மட்டும் பார்த்துட்டுப் போயிருக்காங்க. பயந்தவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரலை. ஆனாலும் அப்பாவுக்கு அந்த டேபிள் போன்லேர்ந்தே அடிச்சுக் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட் ஆயிடுச்சோன்னு டிஸ்ப்ளேயைப் பார்த்தேன். மைனஸ் 98, தெளிவாத்தான் இருந்துச்சு.

"அப்போ ஆயா நல்லா நடந்துட்டு இருந்தாங்கம்மா"ன்னார்.

2025 ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு அப்பா லீவு போட்டு வந்தார். டவர் வேணும்னு மனு எழுதினது நான், முதல் கையெழுத்து அவர். எதிர்ப்பு இல்லாம இல்லை. "பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல வேணாம்"னு ஒரு அக்கா ஒத்தக்காலில் நின்னாங்க. தள்ளி இருக்கிற புறம்போக்கைக் காட்டி, கூடவே ரெண்டு வரி சேர்த்துத் தீர்மானம் போட்டோம்: கரன்ட் போனா டவர் எத்தனை மணி நேரம் தாங்கும்னு எழுத்துல தரணும், ஜெனரேட்டருக்கு டீசல் யார் பொறுப்புன்னு சொல்லணும். ஏன்னா, டவரே தூங்கிட்டா என் யாகி வெறும் மீன் முள்ளுதான். ஃபெஞ்சல் ராத்திரி இந்த ஆன்டெனா இருந்திருந்தாலும் ஆயா போன் அடிச்சிருக்காது. அது எனக்கு நல்லாவே தெரியும்.

பதில் இன்னும் வரலை. மழைக்காலம் வந்துடுச்சு. அத்தை பையன்கிட்ட பைக்ல பெட்ரோல் எப்பவும் ரெண்டு லிட்டர் வெச்சிருக்கச் சொல்லியிருக்கேன்.

ஆயா தினமும் ராத்திரி எட்டு மணிக்கு ஹாஸ்டலுக்குப் போன் பண்ணுது. ஊர்க்கதை எல்லாம் முடிச்சுட்டு, கட் பண்றதுக்கு முன்னாடி, "இப்போ நம்பர் என்னா?"ன்னு அதுவே கேட்டு, டிஸ்ப்ளேயைப் பார்த்து அதுவே படிக்கும். நேத்து 101. "சவுக்கு வளந்துடுச்சுடி, மூங்கிலை இன்னும் நாலடி தூக்கணும். எப்ப வர்ற?"ன்னுச்சு.