பெயர் ஒன்று, தொழில் இரண்டு

மதுரையினின்று வைகைக் கரையோடு சோழவந்தான் நோக்கிச் செல்வோர், இருமருங்கும் விரிந்த நெல்வயல்களைக் கண்டு களிப்பர். வைகை நீரோடு, 1895-ஆம் ஆண்டில் முடிவுற்ற பெரியாற்றணையின் நீரும் இந்நாட்டு வயல்களை ஊட்டுகின்றது. உழவன் இடும் உரத்திலுள்ள நைட்ரஜன் நெல்மணியிற் சேர்வது எங்ஙனம்? இவ்வினாவே தாவரநூல் பயிலும் எம்மை நெல்லிலையின் அகத்தே நோக்கத் தூண்டிற்று.

பயிர் ஏற்கும் நைட்ரஜன் அம்மோனியாவாகிப் பின்னரே பயன்படும். அம்மோனியா தேங்கின் பயிருக்கு நஞ்சாம். அதனைக் குளூட்டமிக் அமிலத்தோடு பிணைத்துக் குளூட்டமின் ஆக்குவது குளூட்டமின் சிந்தெட்டேஸ் என்னும் நொதி. நெல்லிலையில் இந்நொதி இரு வகையாய் உளது. ஒன்று பசுங்கணிகத்தினுள் உறைவது; மற்றொன்று அதற்குப் புறம்பே உயிரணுக் குழம்பில் உள்ளது. இரண்டும் செய்யும் வினை ஒன்றே. ஆயின் இரண்டு எற்றுக்கு?

இதனை அறிய அவற்றைப் பிரித்தல் வேண்டும். இலையைப் பனிக்கட்டியின் குளிர்ச்சியிலே அரைத்து வடித்து, மையவிலக்குப் பொறியிற் சுழற்றித் தெளிந்த சாற்றைக் கொண்டோம். மதுரை வெயிலிற் பனிக்கட்டி உருகுமுன் வேலை முடிதல் வேண்டும். வெப்பம் ஏறின் நொதி கெடும். பின்னர், நேர்மின்னூட்டமுடைய சிறு மணிகள் நிறைந்த கண்ணாடிக் குழாயில் அச்சாற்றைச் செலுத்தினோம். எதிர்மின்னூட்டமுடைய நொதிகள் மணிகளைப் பற்றிக்கொண்டன. உப்பின் செறிவைப் படிப்படியே உயர்த்துங்கால், குழம்பு நொதி முன்னும் பசுங்கணிக நொதி பின்னுமாகப் பிடி தளர்ந்து வெளிவந்தன. வரைதாளில் அவை இரு முகடுகளாய் எழக் கண்டபொழுது யாம் எய்திய உவகை சிறிதன்று.

இவ்வுழைப்பின் பயனைப் பிறநாட்டார் ஆராய்ச்சிகள் விளக்குகின்றன. பசுங்கணிக நொதி இல்லாத வாற்கோதுமைப் பயிர்களைப் பற்றி 1987-இல் இங்கிலாந்தினர் அறிவித்தனர். கரியமிலவாயு மிகுந்த காற்றில் அவை செழித்தன. இயல்பான காற்றிலோ நலிந்தன. ஒளிச்சுவாசத்தில் வெளிப்படும் அம்மோனியாவை அடக்குதற்குக் குழம்பு நொதி உதவிற்றிலது. 2005-இல் சப்பானியர், குழம்பு நொதியின் ஒரு பிரிவு இல்லாத நெல்லைக் கண்டனர். அது குன்றி வளர்ந்தது. கதிரில் மணி நன்கு பிடிக்கவில்லை. முதிரும் இலையிலுள்ள நைட்ரஜனைக் கதிருக்கு அனுப்புதற்கு உதவுவது குழம்பு நொதியே.

ஆகவே, இலை முழுவதையும் அரைத்து நொதியின் மொத்த அளவை மட்டும் குறித்தால், கதிர் பதராவதன் காரணம் விளங்காது. எவ்விடத்து நொதி குறைந்தது என்றே வினவுதல் வேண்டும். இட்ட உரம் மணியாகாது வீணாயின், இழப்பு உழவனுக்கே. தாவரநூல் பயிலும் இளைஞர்காள்! நம் வயல்களின் நெல் வகைகளையே இம்முறையில் ஆராய முற்படுவீராக.