எரிமலை அடிவாரத்தில் ஒரு பகல்

இத்தாலி தேசத்தைப் பத்து நாளிற் சுற்றிக் காட்டும் எமது பஸ் பிரயாணத்தில் ஒரு நாள் பொம்பேய் நகருக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. காலை 7 மணிக்கு உரோமாபுரியிலிருந்து புறப்பட்டோம். “பொம்பேயில் இரண்டரை மணி நேரம், அதற்குமேல் ஒரு நிமிடமும் இல்லை” என்று வழிகாட்டி அம்மையார் வண்டி நகருமுன்னரே எச்சரித்துவிட்டார். ஈராயிரம் ஆண்டுச் சரித்திரத்துக்கு இரண்டரை மணி நேரம்!

மிலானையும் நேப்பிள்ஸையும் இணைத்து 1964ஆம் ஆண்டில் முழுமை பெற்ற ‘சூரிய வீதி’ வழியே வண்டி விரைந்தது. இடப்புற மலையுச்சியில் மொந்தே கசீனோ மடாலயம் தோன்றி மறைந்தது. 1944 பெப்ரவரியில் குண்டுவீச்சாற் சிதைந்து, மீண்டும் பழைய வடிவிலே எழுந்த கட்டிடம் அது. எம்மவரிற் பாதிப்பேர் உறக்கத்தில் இருந்தனர்.

பொம்பேய் என்றால் இடிந்த தூண்களே நினைவுக்கு வரும். ஆனால் அங்கே மனத்தைக் கவர்பவை தூண்கள் அல்ல. கருங்கல் பாவிய வீதிகளில் வண்டிச் சக்கரங்கள் அறுத்த தடங்கள் இன்னும் ஆழமாக உள்ளன. பாதசாரிகள் கால் நனையாது வீதியைக் கடப்பதற்குக் குறுக்கே உயரமான கற்களை நட்டிருக்கிறார்கள். வீடுகளுக்குள் நுழைந்தால் நடுவே திறந்த முற்றம், மழைநீர் விழும் தொட்டி, சுற்றிவர அறைகள். யாழ்ப்பாணத்து நாற்சார வீட்டில் வளர்ந்தவர்களுக்கு வழி கேட்க வேண்டியதில்லை. எரிமலைக் கல்லாலான மாவரைக்கும் திரிகைகளும், அவற்றின் அருகே பாண் போறணைகளும் நிற்கின்றன. 1862இல் இத்தகைய போறணையொன்றைத் திறந்தபோது 81 பாண்கள் கரியாகிக் கிடந்தனவாம். வெந்த பாணை எடுக்க எவரும் திரும்பி வரவில்லை.

கி. பி. 79இல் வெசூவியஸ் வெடித்தபோது முதலிற் பல மணி நேரம் நுரைக்கற்களே மழைபோற் பொழிந்தன. அப்பொழுதே ஊரைவிட்டு ஓடியவர்களுக்குத் தப்ப வழியிருந்தது. தங்கியவர்களை மறுநாட் காலையில் மலையிலிருந்து பாய்ந்து வந்த அனற்காற்றும் சாம்பலும் மூடின. சாம்பல் இறுகி, உடல்கள் அழிந்தபின் அவை கிடந்த இடம் வெறும் குழியாயிற்று. 1863இல் பியோரெல்லி என்னும் அறிஞர் அக்குழிகளிற் சாந்தை வார்த்தார். இறந்தவர்களின் உருவம் அப்படியே வெளிப்பட்டது.

நேரமில்லை என்று கூறிய அம்மையாரை வேண்டி, நாங்கள் ஆறு பேர் தென்கிழக்கு மூலையிலுள்ள ‘தப்பியோடியோர் தோட்டம்’ வரை விரைந்து நடந்தோம். அங்கே 13 உருவங்கள். பெரியவர்களும் சிறுவர்களும் கிடந்த இடத்திலேயே கிடக்கின்றனர். ஒருவர் எழ முயன்றவர்போலக் கையூன்றியிருக்கிறார். எங்களில் ஒருவர் கமராவை உயர்த்தினார். பின்னர் என்ன நினைத்தாரோ, தாழ்த்திவிட்டார்.

வேறொரு வீட்டிற் கிடைத்த, பொற்காப்பு அணிந்த உருவமொன்றைப் பற்றி அம்மையார் கூறினார். அதன் மடியிற் குழந்தை இருந்தமையால் ‘தாயும் சேயும்’ என்றே நெடுங்காலம் உலகம் உருகிற்று. 2024இல் வெளியான மரபணு ஆராய்ச்சியோ அவர் ஓர் ஆண் என்றும், குழந்தைக்கு இரத்த உறவினர் அல்லர் என்றும் காட்டியது. கேட்டவர்கள் சிலர் ஏமாற்றமடைந்தனர். எனக்கோ அம்மனிதர்மீது மதிப்பே மிகுந்தது. பிறர் பெற்ற பிள்ளையையன்றோ அந்த நேரத்தில் தம்முடன் வைத்திருந்தார்!

திரும்பும் வழியில் 1,281 மீற்றர் உயரமான வெசூவியஸ் தெளிவாகத் தெரிந்தது. அதன் சரிவெங்கும் வீடுகள், திராட்சைத் தோட்டங்கள், கொடியிற் காயும் துணிகள். கடைசியாக 1944இல் வெடித்த மலை அது. அபாய வலயத்தில் ஏறத்தாழ 7 இலட்சம் மக்கள் வாழ்கிறார்கள். மலை விழித்தெழும் அறிகுறி தோன்றின் அனைவரையும் 72 மணி நேரத்தில் வெளியேற்ற அரசாங்கம் திட்டம் வகுத்திருக்கிறது.

“இவர்கள் ஏன் இங்கே குடியிருக்கிறார்கள்?” என்று ஒருவர் கேட்டார். அம்மையார் சிரித்தார். அவருடைய தாயாரும் அச்சரிவிலேதான் வசிக்கிறாராம். “இந்த மண்ணில் விளையும் தக்காளியை உண்டவர் வேறிடம் போகார். மூன்று நாள் அவகாசத்தில் அம்மாவை இறக்கிவிடுவேன். அவளுடைய கோழிகளை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.”

பின்னர் அவர் ஒலிவாங்கியை எடுத்து, மறுநாள் புளோரன்சுக்கு ஆறரை மணிக்கே புறப்பட வேண்டும் என்று அறிவித்தார்.