பாளையங்கோட்டைக்குப் போன பிள்ளை

“ஹாஸ்டல் எல்லாம் வேண்டாம் தாயி. தினமும் போயிட்டு வா. பொழுதடையறதுக்குள்ள வீட்டுக்கு வந்துரணும்.”

கயத்தாறில் உளுந்து விதைக்கும் அந்த அப்பா மகளுக்குப் போட்ட ஒரே நிபந்தனை இதுதான். அவளுக்கு இடம் கிடைத்திருந்தது பாளையங்கோட்டை சாராள் தக்கர் கல்லூரியில். அந்த வீட்டிலிருந்து கல்லூரிப் படி ஏறப்போகும் முதல் ஆள் அவள்.

முதல் நாள் அப்பாவும் கூடப் போனார். சுமார் 30 கிலோமீட்டர். நெல்லை ஜங்ஷனில் இறங்கி டவுன் பஸ் ஏறினார்கள். மகளுக்கு இலவசம், அவருக்கு மட்டும் டிக்கெட். தாமிரபரணியைக் கடக்கும்போது, “இந்தப் பாலத்த சுலோசன முதலியார் தன் கைக்காசப் போட்டுக் கட்டினாரு” என்றார். 1843-ல் திறந்த பாலம் அது.

பாளையங்கோட்டை என்றதும் அவருக்கு ஞாபகம் வந்தது ஜெயில்தான். கயத்தாறுக்காரர் அல்லவா! 1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது அவர் ஊரில். தம்பி ஊமைத்துரையை அடைத்து வைத்தது இந்த ஊர்க் கோட்டையில். 1801 பிப்ரவரியில் அங்கிருந்து தப்பித்தார் ஊமைத்துரை.

அந்தக் கோட்டையில் இன்று மிச்சம் கொஞ்சம்தான். ஊர் முழுக்கப் பள்ளி, கல்லூரிகள். பார்வையற்ற பிள்ளைகளுக்கும் காது கேளாத பிள்ளைகளுக்கும் 19-ம் நூற்றாண்டிலேயே இங்கே பள்ளிகள் வந்துவிட்டன. 1923-ல் தூய சவேரியார் கல்லூரி, 1965-ல் மருத்துவக் கல்லூரி. பெண்களுக்கான சாராள் தக்கர் கல்லூரி அதற்கெல்லாம் முன்பே, 1895-ல். அந்தப் பெயருக்கு உரிய ஆங்கிலேயப் பெண்மணி இந்தியாவுக்கே வந்ததில்லை. தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு என்று இந்த ஊரைச் சும்மா சொல்லவில்லை.

மாலை நாலு மணிக்கு பஸ் ஸ்டாண்டைப் பார்த்தால் புரியும். யூனிஃபார்ம், புத்தகப் பை, ஜெராக்ஸ் கடையில் கூட்டம், டீக்கடையில் அரட்டை. நாங்குநேரிப் பிள்ளையும் சங்கரன்கோவில் பிள்ளையும் ஒரே இடத்தில் பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள்.

கார்த்திகை மாதம் ஒரு நாள். பிராக்டிகல் முடிய நேரமாகிவிட்டது. கிடைத்த பஸ் ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே இறக்கிவிட்டது. மணி எட்டு. தூறலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, வண்டியோடு நின்றிருந்தார் அப்பா.

“எவ்வளவு நேரமாப்பா நிக்கீங்க?”

“இப்பத்தான் வந்தேன்.”

சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. அவள் எதுவும் கேட்கவில்லை.

வீடு வரும்வரை அவரும் பேசவில்லை. வண்டியை நிறுத்திவிட்டுத்தான் கேட்டார்.

“ஹாஸ்டல்ல இன்னும் இடம் இருக்காம்மா?”