குறையும் கவளமும் தளரும் தசையும்

யாழ்ப்பாணத்துச் சமூகம் உடலைத் தேற்றும் உணவினை நன்கறிந்த சமூகமாகும். பெண்பிள்ளை பூப்பெய்தியதும் உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் நாள் தவறாது ஊட்டப்படும். அவள் மணமுடித்துப் பிள்ளை பெற்ற காலத்திற் சரக்கரைத்த கறியும் சிறுமீனும் பத்தியம் என்னும் பெயரால் வட்டிலுக்கு வரும். இவ்விரு காலங்களிலும் அடுப்படியில் நின்று பக்குவம் சொல்பவள் வீட்டிலுள்ள மூத்த பெண்ணே. ஆயின், அம்மூத்த பெண்ணுக்கே எழுபது வயதாகும்போது அவளுக்கெனக் களி கிண்டுவார் எவருமிலர். மாறாக, அவளது வட்டில் ஆண்டுக்காண்டு சிறுத்துச் செல்கின்றது. “வயது போன காலத்திலை கனக்கச் சாப்பிடக் கூடாது” என்பது பிறர் அவளுக்குச் சொல்லும் சொல் மட்டுமன்று. அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சொல்லுமாகும். அரசின் நோக்கும் இவ்வாறே அமைந்தது. 1973ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட திரிபோஷா தாய்மாரையும் குழந்தைகளையும் கருதியே வகுக்கப்பட்டது. அது பிழையன்று, ஆனால் முதுமையும் ஊட்டத்தை வேண்டி நிற்கும் பருவமே என்னும் எண்ணம் வீட்டிலும் நாட்டிலும் பிந்தியே வந்தது.

முதியோர் உணவைக் குறைப்பதற்கு நியாயம் இல்லாமலில்லை. உழைப்புக் குறைய உடலுக்கு வேண்டிய எரிபொருளும் குறைகின்றது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளோரிடம் சீனியையும் உப்பையும் எண்ணெயையும் குறைக்குமாறு வைத்தியர் கூறுகின்றார். கேட்டவரோ வீட்டுக்கு வந்து சீனியைச் சிறிது குறைத்து, முட்டையை முற்றாக நிறுத்தி, மீனைப் பேரப்பிள்ளைகளின் கோப்பைக்கு மாற்றிவிடுகின்றார். இங்கேதான் கணக்குத் தவறுகின்றது. முதுமையிலே குறைவது எரிபொருளின் தேவை; புரதத்தின் தேவையோ குறைவதில்லை, சற்றுக் கூடவே செய்கின்றது.

இதன் காரணத்தை அறியத் தசையின் இயல்பினை நோக்குதல் வேண்டும். தசை ஒருமுறை கட்டி முடித்த மதிலன்று. நாடோறும் அதன் ஒரு பகுதி சிதைந்து, நாடோறும் புதிதாய்க் கட்டப்படுகின்றது. கட்டும் வேலையைத் தூண்டுவன உணவுப் புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்கள். அவற்றுள்ளும் லியூசின் என்பது முதன்மையானது. இளைஞனின் தசை மெல்லக் கூப்பிட்டாலும் எழும்பும். முதியவரின் தசையை உரத்துக் கூப்பிடவேண்டும். ஒரு வேளையில் 25 முதல் 30 கிராம் வரை புரதம் கிடைத்தாலன்றி அது நன்கு விழிப்பதில்லை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இதனோடு, தசையை இயக்கும் நரம்புக்கலங்கள் சில வயதோடு அழிகின்றன. விரைந்து சுருங்கும் இழைகளே முதலில் மெலிகின்றன. தடுக்கி விழப்போகும் கணத்திலே காலை முன்வைத்து உடலைத் தாங்குவன இவ்விழைகளே என்பதை நோக்கினால், முதியோர் விழுவது வெறும் கவனக்குறைவால் அன்று என்பது புலனாகும். எழுபது வயதினரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்து 2006இல் வெளியிடப்பட்ட அமெரிக்க ஆய்வொன்று, தசையின் அளவு ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் குறைய, அதன் வலுவோ 3 சதவீதம் அளவிற் குறைவதைக் காட்டியது. கண்ணுக்குத் தெரியும் மெலிவிலும் தெரியாத தளர்ச்சியே பெரிது.

இத்தளர்ச்சிக்கு 1980களின் இறுதிவரை மருத்துவத்திலே தனிப்பெயர் இருக்கவில்லை. இர்வின் றோசன்பேர்க் என்னும் அமெரிக்க அறிஞர் 1988இல் நிகழ்ந்த கூட்டமொன்றில் இக்குறையைச் சுட்டி, கிரேக்கச் சொற்களிலிருந்து ‘சார்க்கோபீனியா’ என ஒரு பெயரை ஆக்கினார். தசையின் வறுமை என்பது அதன் பொருள். மறுவருடம் அது அச்சேறியது. பெயரில்லாத நோயை எவரும் விசாரிப்பதில்லை. ‘வயதுதானே’ என்று சொல்லிக் கடந்துபோவர். பெயர் வந்தபின்னரே அளவுகோல்களும் வந்தன. ஆசிய நாட்டு ஆய்வாளர் குழு 2019இல் திருத்தி வகுத்த வரையறையின்படி, கைப்பிடியின் வலு ஆணுக்கு 28 கிலோகிராமிற்கும் பெண்ணுக்கு 18 கிலோகிராமிற்கும் குறையின் அது தளர்ச்சியின் அறிகுறி. கருவி எதுவும் வேண்டாத சோதனையும் உண்டு. கைகளை மார்பிற் கட்டிக்கொண்டு, கதிரையிலிருந்து ஐந்துமுறை எழுந்து அமர்வதற்கு 12 செக்கன் அல்லது அதற்கு மேற்படின் உடலைக் கவனித்தல் வேண்டும்.

இனி வட்டிலுக்கு வருவோம். 45 கிலோகிராம் எடையுள்ள மூதாட்டி ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்ளலாம். வளர்ந்தோர் யாவருக்கும் கிலோகிராமிற்கு 0.8 கிராம் அளவில் புரதம் போதும் என்பதே நெடுங்கால விதி. முதியோருக்கு 1.0 முதல் 1.2 கிராம் வேண்டும் என 2013இல் பன்னாட்டு வல்லுநர் குழுவொன்று பரிந்துரைத்தது. அவ்வாறாயின் இவளுக்கு நாளொன்றுக்கு 45 முதல் 54 கிராம் வரை தேவை. அவள் உண்பதோ காலையிலே இரண்டு துண்டு பாணும் சம்பலும் தேநீரும்; மதியம் ஓரகப்பைச் சோறும் மரக்கறியும் ஒரு கரண்டிப் பருப்பும்; இரவில் மூன்று இடியப்பமும் சொதியும். இவை அனைத்தையும் கூட்டினால் 20 கிராமை எட்டுவதே அரிது. வயிறு நிறைகின்றது, தசை பட்டினி கிடக்கின்றது.

இக்குறையை நிரப்ப மாவுப் பேணிகளை வாங்கவேண்டுவதில்லை. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் உண்டு. உள்ளங்கையளவு மீன்துண்டில் 12 கிராமளவு உண்டு. ஒரு கோப்பைப் பாலில் 6 கிராம். 30 கிராம் உழுத்தம்மாவில் 7 கிராம். இந்நான்கும் சேர்ந்தாலே பற்றாக்குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும். பல்லில்லாதார்க்கு நெத்தலிக் கருவாட்டை வறுத்திடித்துத் தூளாக்கிக் கஞ்சியிற் கலந்து கொடுக்கலாம். உப்புக் குறைக்கவேண்டியவர் கருவாட்டை விட்டுப் பச்சை நெத்தலியை அவித்து மசித்துக்கொள்ளலாம். பயற்றங்கஞ்சிக்குப் பல்லே வேண்டுவதில்லை. முன்பு பூப்பெய்திய பெண்ணுக்குக் கிண்டிய அதே உழுத்தங்களியை, சீனியையும் கருப்பட்டியையும் அளவாக்கி, அவளுடைய பேர்த்தியாருக்கும் கிண்டலாம் என்பதை நினைக்குமிடத்து, அறிவு அடுப்படியிலேயே இருந்திருக்கின்றது, வயதுதான் விலக்கி வைக்கப்பட்டிருக்கின்றது என்பது தெரியவரும். நாளின் புரதம் முழுவதையும் மதியச் சோற்றோடு முடித்துவிடாது காலை வேளைக்கும் பங்கிடுதல் நன்று. காலையிலே பாணோடு ஒரு முட்டை என்பது சிறு மாற்றந்தான். ஆயினும் பயனுள்ள மாற்றம்.

வறுமை ஒன்றே இதற்குக் காரணம் என்று கொள்வதும் பொருந்தாது. பிள்ளைகள் கடல் கடந்து வாழ, மாதந்தோறும் பணம் வந்து சேரும் பெரிய வீடுகளிலும் இக்குறை உண்டு. தனியொருத்திக்காக மீன் வாங்கி, செதில் நீக்கி, அடுப்பு மூட்டுவதற்கு மனம் எழுவதில்லை. தேநீரும் பிஸ்கற்றும் இரவுணவாகி விடுகின்றன. தொலைபேசியிலே “சாப்பிட்டியளோ அம்மா?” என்று மகன் கேட்கின்றான். “ஓம், சாப்பிட்டன்” என்கின்றாள் தாய். இரண்டும் உண்மையான சொற்களே. என்ன சாப்பிட்டாள் என்பது மட்டும் கேட்கப்படுவதில்லை. இலங்கையில் அறுபது வயதைக் கடந்தோர் 1981இல் சனத்தொகையின் 6.6 சதவீதமாயிருந்து 2012இல் 12.4 சதவீதமாயினர். இவ்வினாவைக் கேட்கவேண்டிய வீடுகளும் அவ்வாறே பெருகிவருகின்றன.

உணவு மட்டும் தசையைக் காக்குமோவெனின், காக்காது. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்து முதியோர் இல்லமொன்றில் தொண்ணூறு வயதை அண்டிய பத்துப்பேருக்கு எட்டு வாரம் காலாற் சுமை தூக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. பயிற்சியை முடித்தோரின் கால்வலு சராசரியாக 174 சதவீதம் கூடியதாக 1990இல் வெளியான அறிக்கை கூறிற்று. அதே குழுவினர் நூறு முதியோரைக்கொண்டு நடத்தி 1994இல் வெளியிட்ட ஆய்வோ இன்னும் நுட்பமானது. சிலர்க்குப் பயிற்சி, சிலர்க்கு ஊட்டப்பானம், சிலர்க்கு இரண்டும், சிலர்க்கு இரண்டுமில்லை. பத்து வாரத்தின்பின் பயிற்சி பெற்றோர் வலுப்பெற்றனர். பானம் மட்டும் குடித்தோர் வலுப்பெறவில்லை. முன்னைய தலைமுறைக்கு இப்பயிற்சியைக் கிணறும் உரலும் அம்மியும் கற்பித்தன. நிலத்தில் அமர்ந்து எழுவதும் ஒரு பயிற்சியே. அக்காலத்துப் பெண் அவற்றைச் சுமையென்றே கருதினாள். அவளது முதுகு பட்ட பாட்டை மறந்து அவ்வாழ்வைப் போற்றுதல் நேர்மையன்று. எனினும் அச்சுமை நீங்கியபின் அதனிடத்தை வேறெதுவும் நிரப்பவில்லை என்பதும் மெய்யே.

நோயுற்றுப் படுக்கும் காலம் மிகக் கொடியது. நலமுள்ள முதியோர் சிலரைப் பத்து நாட்கள் படுக்கையில் வைத்து 2007இல் வெளியிடப்பட்ட ஆய்வில், அவர்தம் கால்களின் கொழுப்பற்ற திசு ஏறக்குறைய ஒரு கிலோகிராம் குறைந்திருந்தது. நலமுள்ளோருக்கே இவ்வாறெனின், காய்ச்சலோடு வைத்தியசாலையிற் கிடப்பவர் நிலை கூறவேண்டியதில்லை. பார்க்க வரும் உறவினர் தோடம்பழமும் வெறுங்கஞ்சியும் கொண்டுவருகின்றனர். “எழும்பாதேங்கோ அம்மா, அப்பிடியே கிடவுங்கோ” என்று அன்போடு தடுக்கின்றனர். வைத்தியர் தடை சொல்லாதவிடத்து, கட்டிலருகே எழுப்பி நிறுத்துவதும் கதிரையில் இருத்தி ஒரு முட்டையை ஊட்டுவதும் அவ்வன்பினும் மேலான உதவியாகும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. சிறுநீரகம் பழுதடைந்தோருக்கு, இயந்திரத்தால் இரத்தம் சுத்திகரிக்கும் நிலையை அடையுமுன், புரதத்தை மட்டுப்படுத்துமாறு வைத்தியர் விதிப்பதுண்டு. காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பரவியுள்ள வடமத்திய மாகாணத்திலும் அதனை அடுத்த வவுனியாப் பகுதிகளிலும் இது சிறிய விடயமன்று. அங்கு வாழும் முதியவர் இரத்தச் சோதனை செய்து அறிந்தபின்னரே தமது அளவைத் தீர்மானித்தல் வேண்டும். மரக்கறி உணவினரும் விரத நாட்களை நீள அனுட்டிப்போரும் அஞ்சவேண்டியதில்லை. பருப்பைக் கரண்டியளவினின்று கோப்பையளவாக்கி, தயிரும் கடலையும் சோயாவும் சேர்த்துக்கொண்டால் அவர்க்கும் அளவு நிரம்பும். வெள்ளிக்கிழமை மதியம் கோயிலால் வந்து, வெறுஞ்சோற்றோடு பூசணிக்கறியை உண்டு எழும் வழக்கமே மாறவேண்டியது.