ஒரு பல் தள்ளி

எங்க வீட்டுல ஒரு பழைய பிக்கப் வண்டி இருக்கு. கிட்டத்தட்ட என் வயசுதான் அதுக்கும். அப்பா அதுலதான் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏத்திட்டுப் போவார். என் காலேஜ் ஃபீஸும் அதுலயேதான் வருது.

போன வருஷம் செமஸ்டர் லீவுக்குப் போனப்போ வண்டி சரியில்ல. மெதுவாப் போனா அடியில குருவிக்குஞ்சு மாதிரி கீச் கீச். ஃபர்ஸ்ட் கியர் போட்டுக் கிளட்சை விட்டா "டக்". "ஜாயிண்ட் கிராஸ் போச்சு தம்பி"ன்னார் அப்பா.

தெரியாதவங்களுக்கு: கியர்பாக்ஸ் சுத்துறதைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோற நீளக் குழாய்தான் ப்ரொபெல்லர் ஷாஃப்ட். பள்ளம் மேட்டுல ஆக்சில் ஏறி இறங்கும்போது அது மடங்கிக் கொடுக்கணும் இல்லையா? அதுக்காக ரெண்டு முனையிலயும் கூட்டல் குறி மாதிரி ஒரு இரும்பு. அதுதான் கிராஸ். அதோட நாலு கப்புலயும் ஊசி ஊசியா ரோலர் இருக்கும். கிரீஸ் காய்ஞ்சா துருப்பிடிச்சுச் செங்கல்பொடி மாதிரி கொட்டும். அப்படியே ஓட்டி, முன்பக்க ஜாயிண்ட் பிச்சுக்கிட்டா ஷாஃப்ட் ரோட்டுல குத்திடும். லோடு வண்டி குப்புற விழவும் வாய்ப்பிருக்கு.

"மெக்கானிக்கல் மூணாவது வருஷம்பா, நானே மாத்துறேன்"னேன். அப்பா ஒரு நிமிஷம் யோசிச்சுட்டுச் சாவியைக் கொடுத்தார்.

கப்பைத் தட்டி எடுத்து, புதுசு போட்டு, கடைசியில லாக் உட்காரவே இல்ல. பார்த்தா ஒரு ஊசி சரிஞ்சு கப்புக்கு அடியில படுத்திருக்கு! மறுபடி பிரிச்சு முடிக்க ராத்திரி ஆயிடுச்சு. எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் லோடோட கிளம்பினா, 50-ஐத் தொட்டதும் வண்டியே உதறுது. அப்பா 30-லயே உருட்டிட்டுப் போய்ச் சேர்ந்தப்போ ஏலம் முடியுற நேரம். கிடைச்ச விலைக்குக் கொடுத்தோம். அவர் ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருக்கலாம்.

அங்கேயே ஒரு மெக்கானிக் அண்ணன் அடியில படுத்து, கந்தல் துணியால ஷாஃப்டைத் துடைச்சார். நடுவுல ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழையுற பல் வெட்டின இடத்துல, ரெண்டு பக்கமும் அம்புக்குறி. ரெண்டும் நேரா இருக்கணும். நான் அடையாளம் வைக்காம உருவி, ஒரு பல் தள்ளிச் சொருகியிருக்கேன்.

கோணத்துல இருக்கிற ஒத்தை ஜாயிண்ட் ஒரே சீரா சுத்தாது. ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை வேகம் கூடிக் குறையும். அடுத்த ஜாயிண்ட் அதை நேர் பண்ணும். ஆனா ஷாஃப்டோட ரெண்டு முனைக் கவட்டையும் ஒரே வாக்குல இருந்தாத்தான். இதைத்தான் ஹூக்ஸ் ஜாயிண்ட்னு பரீட்சையில பக்கம் பக்கமா எழுதியிருந்தேன், படத்தோட. நல்ல மார்க் வேற :-)

அண்ணன் உருவித் திருப்பிச் சொருகினார். அஞ்சு நிமிஷம். டீக்கு மட்டும் காசு வாங்கினார். திரும்பி வரும்போது வண்டி 60-லயும் அசையல.

இப்பவும் லீவுக்குப் போனா வண்டி வேலை நான்தான் பார்க்கிறேன். ஸ்பேனரைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி அப்பா ஒரு சாக்பீஸைக் கொடுக்கிறார்.