பதினெட்டு நாள் ஆட்டம்

மதுரைப் புகைவண்டி நிலையத்திற்கு எதிரே இராணி மங்கம்மாள் சத்திரம் நிற்கிறது. வழிப்போக்கர் வந்து தங்கி, இளைப்பாறி, மீண்டும் தம் வழியே செல்வதற்கென எழுந்தது அது. 2016ஆம் ஆண்டில் அந்நகரின் பெயரால் தோன்றிய சேது மகளிர் கால்பந்துக் கழகத்தையும் அத்தகைய தங்குமிடம் என்றே கூறலாம். அங்கு வந்தவர் பலர். நெடுங்காலம் தங்கியவர் சிலர்.

மதுரையைச் சூழ்ந்த ஊர்களில், வற்றிய கண்மாய்களிலும் அறுவடை முடிந்த வயல்களிலும் மாலை வேளையில் சிறுவர்கள் பந்து உதைப்பதைக் காணலாம். சிறுமியரோ, பெரும்பாலும் தண்ணீர்க் குடத்துடன் வரப்போரமாகச் சென்றுவிடுவர். அத்தகைய நாட்டில் பெண்களுக்கென்றே ஒரு கழகம் தொடங்குவது எளிய செயலன்று.

அக்கழகத்தில் ஆடியவர்களுள் இந்துமதி கதிரேசனும் சந்தியா இரங்கநாதனும் கடலூர்ப் பகுதியினர். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை அக்கடற்கரையைச் சூறையாடியது. அதன் பின்னர் ஆதரவற்ற சிறுமியர் பலருக்கு மாரியப்பன் என்னும் பயிற்சியாளர் பந்தாட்டம் கற்பித்தார். அழுத கண்ணைத் துடைக்க ஆயிரம் பேர் வருவர். கையில் ஒரு பந்தைக் கொடுத்து, “ஓடு” என்று சொல்பவர் அரியர். அவ்வூரில் வேரூன்றிய பயிற்சியே இவ்விருவரையும் வளர்த்தது. சந்தியா அரசு விடுதியில் வளர்ந்தவர். அங்கிருந்த மூத்த பெண்கள் ஆடுவதைக் கண்டு ஆடத் தொடங்கினார். இந்துமதி 2018இல் கட்டாக்கு நகரில் மணிப்பூரை வென்று, தமிழ்நாட்டிற்குத் தேசியப் பட்டத்தை முதன்முறையாகத் தேடித்தந்த அணியில் ஆடினார்.

நேபாளத்து இலம்ஜுங் மலைப்பகுதியிலிருந்து வந்தவர் சபித்ரா பண்டாரி. சிறுமியாக இருந்தபோது பழைய காலுறைகளைச் சுருட்டிப் பந்தாக்கி ஆடியவர் அவர். மணிப்பூரிலிருந்து வந்தார் தங்மெய் கிரேசு. கடலும் மலையும் ஒரே சீருடை அணிந்தன எனலாம்.

2019ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் பஞ்சாபின் லூதியானா நகரில் இந்திய மகளிர் லீக் தொடங்கியது. 22ஆம் நாள் முடிந்தது. பாரதப் போரைப் போலப் பதினெட்டே நாள்! வடநாட்டு வைகாசி வெயிலில், ஓர் ஆட்டத்தின் களைப்பு ஆறுமுன் அடுத்த ஆட்டம் வந்து நின்றது. அமிர்தா அரவிந்த் பயிற்றுவித்த சேது அணி இறுதியில் மணிப்பூர்க் காவல்துறை அணியை 3–1 என்ற கணக்கில் வென்றது. அதற்கு முன் மணிப்பூருக்கும் ஒடிசாவுக்கும் சென்றிருந்த கோப்பை அவ்வாண்டு தெற்கே வந்தது.

வெற்றி பெற்ற மறுநாள் என்ன நிகழ்ந்தது? லீக் முடிந்துவிட்டது, அடுத்த ஆண்டு வரை ஆட்டமில்லை. ஆண்டு முழுவதும் உழைத்துப் பதினெட்டு நாள் ஆடும் ஒருவர், எஞ்சிய நாட்களில் எதனால் வாழ்வார்? இவ்வினாவிற்கு இந்துமதியின் வாழ்க்கை ஒரு விடை தருகிறது. அவர் தமிழ்நாடு காவல்துறையில் துணை ஆய்வாளர். 2020இல் கொரோனாப் பெருந்தொற்று மக்களை வீட்டுக்குள் அடைத்தபோது, நாட்டு அணியின் நடுக்கள வீராங்கனையாகிய அவர், காக்கி உடையும் முகக்கவசமும் அணிந்து சென்னைத் தெருக்களில் காவல் புரிந்தார். ஆனால் எல்லாருக்கும் அத்தகைய பணி வாய்ப்பதில்லை. 2023இன் இறுதியில்தான், ஒவ்வொரு கழகமும் தன் களத்திலும் எதிரணியின் களத்திலும் மாறிமாறி ஆடும் முறை வந்து, லீக் சில மாதங்களுக்கு நீண்டது. காலந்தாழ்ந்து வந்த நீதி அது.

இதற்கிடையே தங்கியவர்கள் தத்தம் வழியே சென்றனர். கிரேசு 2022இல் உசுபெகிசுத்தான் நாட்டின் நசாப் கழகத்தில் சேர்ந்தார். சபித்ரா 2024இல் பிரான்சு நாட்டின் குவிங்காம் கழகத்திற்குச் சென்று, அந்நாட்டின் முதல்நிலை லீக்கில் ஆடினார். காலுறைப் பந்து அவ்வளவு தூரம் உருண்டது.

2022 சனவரியில் ஆசியக் கோப்பைப் போட்டி இந்தியாவிலேயே நடைபெற்றது. ஈரானுடன் ஓர் ஆட்டம் சமனில் முடிந்தது. பின்னர் இந்திய அணியினர் பலரைத் தொற்று பற்றியதால், களமிறங்கப் போதிய வீராங்கனைகள் இல்லை. அணி தோற்காமலே வெளியேறியது. மூன்றாண்டுகள் கழித்து, 2025 சூலை 5ஆம் நாள் தாய்லாந்து அணியை அதன் மண்ணிலேயே 2–1 என்று வென்று, இந்தியா மீண்டும் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அதற்கான தகுதிச் சுற்றில் ஆடிய அணியில், லூதியானா வெயிலில் சேதுவுக்காக ஓடிய கிரேசும் இருந்தார்.