‘எங்கே படுப்பது?’ என்று பெருமாளே கேட்ட ஊர்! சக்கர வீட்டில் ஒரு திருவள்ளூர் சுற்று

கேரவன் என்றாலே நமக்குச் சினிமா நட்சத்திரங்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். ஷூட்டிங் நடக்கும் தெருவில் பளபளவென்று நிற்குமே, அந்த வண்டி. வெளிநாடுகளில் அது சாதாரணக் குடும்பங்களின் விடுமுறை வாகனம். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் வண்டிக்குள்ளேயே இருக்கும். மலை, பூங்கா, பழைய ஊர் என்று பிடித்த இடத்தில் நிறுத்தி, சமைத்து, தூங்கி, மறுநாள் கிளம்பிவிடுவார்கள். கேரள அரசு 2021-ல் ‘கேரவன் கேரளா’ என்று இதற்கென்றே ஒரு திட்டம் தொடங்கியது.

கேரவன் கிடைக்காவிட்டாலும் நம்மிடம் டெம்போ டிராவலர் இருக்கிறது. பின் சீட்டைக் கழற்றி மெத்தை போட்டு, தண்ணீர் கேனும் புளியோதரைத் தூக்கும் ஏற்றிவிட்டால், முழங்கால் வலிக்கும் பாட்டியிலிருந்து பள்ளிக்கூடப் பேரன் வரை எல்லோருக்கும் அது ஒரு சக்கர வீடு.

அந்த வீட்டை எங்கே ஓட்டுவது? ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் இருக்கட்டும். சென்னையை ஒட்டியே, முந்நூறு கிலோமீட்டருக்குள் ஏரி, மாந்தோப்பு, மலை, நானூறு ஆண்டுத் துறைமுகம் என்று அத்தனையும் வைத்திருக்கிறது திருவள்ளூர் மாவட்டம். திருப்பதிக்கும் கொல்கத்தாவுக்கும் போகிற சாலைகள் இதன் வழியேதான் போகின்றன. எல்லோரும் கடந்து போகிறார்கள். இறங்கிப் பார்க்கிறவர்கள்தான் குறைவு.

பழவேற்காடு

முதல் நாள் காலை பொன்னேரி வழியாகப் பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இங்கேதான். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பூநாரைகள் வரும். ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்பினால் இந்தக் கரையிலிருந்தே பார்க்கலாம்.

டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம் இதுதான். இங்கிருந்து கப்பலேறிய துணி அவ்வளவு பிரபலம். மலேசியாவில் இன்றும் கட்டம் போட்ட கைலிக்கு ‘காயின் பெலெக்காட்’ என்றுதான் பெயர். பெலெக்காட் என்பது பழவேற்காடுதான்! துணியோடு மனிதர்களும் கப்பலேற்றப்பட்டார்கள். பஞ்சமும் போரும் துரத்திய ஆயிரக்கணக்கானவர்களை அடிமைகளாக வாங்கி, இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவுக்கு அனுப்பியது இதே துறைமுகம்.

கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. ஆனால் டச்சுக் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. வாசலின் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். குழந்தைகள் முதலில் பயப்படுவார்கள், பிறகு பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். உள்ளே கல்லறைகளின் மேல் டச்சு எழுத்தும் குடும்பச் சின்னங்களும் அவ்வளவு நுணுக்கமாக இருக்கின்றன. வியாபாரத்துக்கு வந்து, ஊர் திரும்பாமலே இங்கே படுத்துவிட்டவர்கள்.

1515-ல் தொடங்கிய மகிமை மாதா ஆலயம், நிழலை வைத்து நேரம் சொல்லும் கடிகாரம் உள்ள சின்னப் பள்ளிவாசல், ராமாயணக் காட்சிகளைச் சிறு சிற்பங்களாகச் செதுக்கிய ஆதிநாராயணப் பெருமாள் கோயில் மூன்றும் இதே சிற்றூரில் இருக்கின்றன. இஸ்லாமியப் பெண்கள் முடையும் பனையோலைக் கூடைகளையும் கேட்டு வாங்கலாம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. மீனவர் படகில் ஏரிக்குள் போகும் ஆசை வேண்டாம். 2011 கிறிஸ்துமஸ் அன்று உல்லாசமாகப் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். கரையிலிருந்தே பார்க்க நிறைய இருக்கிறது. யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடுவது என்பதை மீனவர்கள் ‘பாடு’ என்ற முறைப்படி தங்களுக்குள் பிரித்துக்கொள்கிறார்கள். மணல் மூடும் முகத்துவாரமும் சுற்றிலும் வளரும் ஆலைகளும் அவர்களுக்குத் தினசரிக் கவலை. மீன் வாங்கும்போது இரண்டு வார்த்தை பேசினால் அதையும் சொல்வார்கள்.

கும்மிடிப்பூண்டி

கும்மிடிப்பூண்டியைச் சுற்றுலாத் தலம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சிப்காட் தொழிற்பேட்டை, புகைபோக்கிகள், இரும்பு உருக்காலைகள். ஆனால் சக்கர வீட்டில் வருகிறவர்கள் இங்கே ஐந்து நிமிடம் வண்டியை ஓரம் கட்டிப் பார்க்க வேண்டும். சாலையோரம் வரிசையாக நிற்கும் லாரிகள்தான் நம் நாட்டின் நிஜமான கேரவன்கள். சீட்டுக்குப் பின்னால் ஒரு படுக்கை, கதவோரம் தண்ணீர் கேன், வண்டிக்கு அடியில் நிழலில் எரியும் ஸ்டவ். சரக்கு இறக்க முறை வரும் வரை ஓட்டுநர்கள் குளிப்பது, சமைப்பது, துணி உலர்த்துவது எல்லாம் அங்கேதான். எந்த டாபாவில் குளிக்க இடமுண்டு, எங்கே நிறுத்தினால் பயமில்லை என்று அவர்களைக் கேட்டால், எந்த ஆப்பும் சொல்லாத விவரம் கிடைக்கும்.

இதே ஊரில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றும் இருக்கிறது. 1990-ல் போருக்குத் தப்பி வந்தவர்களுக்குத் தற்காலிகமாகத் தங்கக் கொடுத்த இடம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அங்கே பிறந்த குழந்தைகள் வளர்ந்து, கல்யாணமாகி, அவர்களுக்கும் குழந்தைகள் பிறந்துவிட்டன. 2021 முதல் ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாறியிருக்கிறது. வேடிக்கை பார்க்கப் போகும் இடமல்ல அது. ஆனால் இரண்டு நாள் வண்டியில் படுப்பதை ஜாலி என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு, இந்த ஊரைக் கடக்கும்போது சொல்ல வேண்டிய கதை.

சிறுவாபுரியும் பெரியபாளையமும்

கொல்கத்தா நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே போனால் சிறுவாபுரி முருகன் கோயில். சொந்த வீடு வேண்டுவோர் ஆறு செவ்வாய்க்கிழமை தொடர்ந்து வந்தால் பலிக்கும் என்பது நம்பிக்கை. அதனால் செவ்வாயன்று கூட்டம் நெருக்கும். வாடகை வீட்டுக்காரர்கள், பேங்க் லோனுக்கு அலைகிறவர்கள், கட்டி முடிக்க முடியாமல் பாதியில் நிற்கிறவர்கள் என்று அந்த வரிசையில் நின்றால் சென்னையின் வீட்டுக் கனவு முழுவதும் காதில் விழும். வேனில் போகிறவர்கள் மற்ற நாளில் போனால் நிம்மதியாகத் தரிசிக்கலாம்.

அங்கிருந்து பெரியபாளையம். பவானி அம்மனுக்கு வேப்பிலை ஆடை உடுத்தி வேண்டுதல் செலுத்தும் ஊர். ஆடி மாதத்தில் குடும்பம் குடும்பமாக வந்து, மரத்தடியில் பொங்கல் வைத்து, ராத்திரி அங்கேயே தங்குவார்கள். மாட்டு வண்டி காலத்திலிருந்தே நம்மவர்களுக்குப் பழக்கமான ‘கேம்பிங்’ இது. ஊத்துக்கோட்டை வரை வழியெல்லாம் வயலும் மாந்தோப்புமாக இருக்கும். மாம்பழப் பருவத்தில் போனால் தோப்பு வாசலிலேயே வாங்கலாம்.

சுருட்டப்பள்ளி

ஊத்துக்கோட்டையைத் தாண்டினால் ஆந்திர எல்லை. வாடகை வேன் என்றால் பெர்மிட் இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள். எல்லையை ஒட்டியே சுருட்டப்பள்ளி. சிவபெருமானை லிங்கமாகப் பார்த்துப் பழகிய கண்களுக்கு இங்கே ஆச்சரியம் காத்திருக்கிறது. பாற்கடலில் எழுந்த ஆலகால விஷத்தைக் குடித்த களைப்பில், பார்வதியின் மடியில் தலை வைத்துப் படுத்திருக்கிறார் ஈசன். உலகத்தின் விஷத்தையெல்லாம் விழுங்கியவருக்கும் கொஞ்ச நேரம் படுக்க ஒரு மடி தேவைப்பட்டிருக்கிறது. வீட்டில் எல்லோருடைய கஷ்டத்தையும் விழுங்கிவிட்டு ‘எனக்கொண்ணுமில்ல’ என்று சொல்லும் அம்மாக்களை இந்தச் சன்னதியில் கொஞ்சம் நிதானமாக நிற்க விடுங்கள்.

பூண்டி

அடுத்து பூண்டி ஏரி. சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் முயற்சியில் 1940-ல் அடிக்கல் நாட்டிய அணை. 1944-ல் திறந்தபோது பார்க்க அவர் இல்லை. முந்தைய ஆண்டே காலமாகியிருந்தார். சத்தியமூர்த்தி சாகர் என்று அவர் பெயரையே வைத்தார்கள். கொசஸ்தலை ஆற்று நீரோடு, 1996 முதல் ஆந்திராவின் கண்டலேறிலிருந்து கிருஷ்ணா நீரும் கால்வாய் வழியாக இங்கே வருகிறது. சென்னை வீடுகளின் குழாயில் கொட்டும் தண்ணீரின் பிறந்த வீட்டைப் பிள்ளைகள் ஒருமுறை பார்க்கத்தானே வேண்டும்?

அந்தத் தண்ணீருக்காக ஒரு கோயிலே இடம் பெயர்ந்தது. திருவெண்பாக்கம் என்ற தேவாரத் தலம் அணை நீரில் மூழ்கும் என்பதால், சுவாமியைப் புதுக் கோயிலுக்கு மாற்றினார்கள். அவர் பெயர் ஊன்றீஸ்வரர். பிரியமாட்டேன் என்று சங்கிலியாருக்குச் செய்த சத்தியத்தை மீறித் திருவொற்றியூரை விட்டுக் கிளம்பிய சுந்தரர், பார்வை இழந்து தட்டுத் தடுமாறி இங்கே வருகிறார். ‘கோயிலில் இருக்கிறாயா?’ என்று கேட்கிறார். கண் திரும்பவில்லை. ஊன்றி நடக்க ஒரு கோல் மட்டும் கிடைக்கிறது. கோபத்தில் அவர் கோலை வீச, நந்தியின் கொம்பு உடைந்ததாம். பிறகு காஞ்சிபுரத்தில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் கிடைத்ததாகப் புராணம். பாதி வழியில் இருக்கிறவருக்கு, மீதி வழியை நடக்க ஒரு கோல்!

ஏரிக்கரையில் தொல்லியல் துறையின் சிறு அருங்காட்சியகம் இருக்கிறது. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தப் பகுதியின் அத்திரம்பாக்கத்தில் கற்கால மனிதரின் கோடரிகளைக் கண்டெடுத்தார். அங்கு நடந்த பிற்கால ஆய்வுகள் அந்தக் கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்கின்றன. பக்கத்துக் குன்றுகளில் குடியம் குகை உள்ளது. கூழாங்கற்கள் பதிந்த பாறை, பெரிய கூரைபோலக் கவிந்து நிற்கும். முட்காட்டில் நடந்துதான் போக வேண்டும். வனத்துறையைக் கேட்டு, உள்ளூர்க்காரர் துணையோடு காலையிலேயே போய்த் திரும்புவது நல்லது. பாட்டி வண்டியில் மெத்தை மேல் ஓய்வெடுக்கட்டும்.

திருவள்ளூர்

ராத்திரித் தங்கலுக்குத் திருவள்ளூர். அதற்கு இந்த ஊரைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. சாலிஹோத்திர முனிவர் இங்கே தவம் இருந்தார். தை அமாவாசையன்று, விரதம் முடித்து மாவைச் சாப்பிட உட்கார்ந்தபோது ஒரு கிழவர் வந்து பசிக்கிறது என்றார். தன் பங்கையும் கொடுத்தார் முனிவர். சாப்பிட்ட களைப்பில் கிழவர், ‘படுக்க எந்த அறை? எவ்வுள்?’ என்று கேட்டார். முனிவர் தன் குடிசையைக் காட்டினார். அங்கே படுத்தவர் பெருமாள். அதனால் ஊருக்குத் திருஎவ்வுள் என்று பெயர். வலக்கையை முனிவரின் தலையில் வைத்தபடி இன்றும் சயனித்திருக்கிறார் வீரராகவர். கோயிலின் ஹ்ருத்தாபநாசினி குளத்தில் வெல்லம் கரைத்து, நோய் கரைய வேண்டுகிறார்கள். அமாவாசையன்றும் அதற்கு முன்தின ராத்திரியும் ஊர் நிரம்பி வழியும். வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

திருவாலங்காடும் திருத்தணியும்

இரண்டாம் நாள் காலை திருவாலங்காடு. ஐந்து சபைகளில் ஒன்றான ரத்தின சபை. காரைக்கால் அம்மையார் இறைவனின் ஆட்டத்தைப் பார்த்தபடி திருவடியில் அமர்ந்த தலம். ராஜேந்திர சோழன் பழையனூர் கிராமத்தை இந்தக் கோயிலுக்குக் கொடுத்ததைச் சொல்லும் செப்பேடுகள் 1905-ல் இங்கே கிடைத்தன. சோழர் வரலாற்றுக்கு முக்கிய ஆதாரமான அவை இப்போது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

கடைசியாகத் திருத்தணி மலை. சூரனோடு போரிட்ட முருகனின் சினம் தணிந்த இடம் என்பதால் தணிகை. ஆண்டின் நாள் கணக்கில் 365 படிகள். முடியாதவர்களுக்கு மேலே வரை சாலை இருக்கிறது. ஆந்திராவில் இருந்த இந்த ஊர், ம.பொ.சி. போன்றோரின் நீண்ட போராட்டத்துக்குப் பின் 1960 ஏப்ரல் 1 அன்று தமிழகத்தோடு சேர்ந்தது. மாலை வெயில் தாழ்ந்ததும் மேலே நின்று பார்த்தால், ஏரிகளும் வயல்களும் ரயில் பாதையும் ஒரே பார்வையில் கிடைக்கும்.

கிளம்பும் முன்...

* கோயில்கள் மதியம் நடை சாத்திவிடும். அந்த நேரத்துக்கு ஒரு புளியமர நிழல் பார்த்து வண்டியை நிறுத்தி, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போடுங்கள்.
* வண்டி உயரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ரயில்வே சுரங்கப்பாதைகளில் உயரமான வேன் சிக்கிக்கொள்ளலாம்.
* ராத்திரி சாலையோரம் தனியாக நிறுத்த வேண்டாம். லாட்ஜ் வளாகத்திலோ, ஆள் நடமாட்டமுள்ள பெட்ரோல் பங்க்கிலோ அனுமதி கேட்டு நிறுத்துங்கள்.
* வயதானவர்கள் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறை வசதியுள்ள இடத்தில் நிறுத்துவது கட்டாயம்.
* நவம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். புயல், கனமழை அறிவிப்பு இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். கொசஸ்தலை, ஆரணி ஆற்றுத் தரைப்பாலங்கள் மூழ்கிவிடும்.
* குப்பைக்கு ஒரு பை தனியாக இருக்கட்டும். பூண்டிக் கரையில் எறிவது நாம் குடிக்கிற தண்ணீரில் எறிவதுதான்.